சாச்சுரேஷன் இறங்கினால் கை எங்கே போக வேண்டும்? மயக்க மருந்துத் துறைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பல்ஸ் ஆக்சிமீட்டரின் பீப் சத்தத்தை அணைத்து வைத்திருக்கும் தியேட்டர்கள் நிறைய உண்டு. கேட்டால் சர்ஜனுக்குத் தலைவலி என்பார்கள், அல்லது பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்பார்கள். நீங்கள் முதலாண்டு பிஜியாகவோ அனஸ்தீசியா டெக்னீஷியனாகவோ உள்ளே நுழைகிறீர்கள் என்றால், முதல் வேலையாக அந்தச் சத்தத்தைத் திரும்பப் போடுங்கள். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும் சதவீதம், இறங்க இறங்க பீப்பின் சுதியும் இறங்கும். மருந்து ஏற்றிக்கொண்டு மானிட்டருக்கு முதுகைக் காட்டி நின்றாலும் காது சொல்லிவிடும். ஒரு வருடம் பழகினால் 98-க்கும் 93-க்கும் உள்ள வித்தியாசம் திரும்பிப் பார்க்காமலே தெரியும்.

சுதி இறங்கியதும் எந்த வரிசையில் என்ன செய்வது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். காரணங்கள் இருபதுக்குக் குறையாமல் இருக்கும். எது என்று யோசித்துக்கொண்டு நின்றால் நோயாளியின் ஆக்சிஜன் கையிருப்பு கரைந்துவிடும். எனவே கை எப்போதும் ஒரே வரிசையில் ஓடட்டும், யோசனை அதன் பின்னால் வரட்டும். உங்கள் மருத்துவமனைக்கென்று எழுதி ஒட்டிய நெறிமுறை இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். சீனியரைக் கூப்பிடுவது எந்த நெறிமுறையிலும் உண்டு.

கையிருப்பு எவ்வளவு?

மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் தங்கியிருக்கும் காற்றுதான் நம்முடைய சேமிப்புக் கணக்கு. மயக்கத்தில் மல்லாந்து கிடக்கும் பெரியவருக்கு அது ஏறத்தாழ 2 லிட்டர். உடம்பு நிமிடத்துக்கு 250 மி.லி. ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. அறைக் காற்றை மட்டும் சுவாசித்தவரின் மூச்சு நின்றால் ஓரிரு நிமிடத்தில் சாச்சுரேஷன் 90-க்குக் கீழே போய்விடும். அதே ஆளுக்கு முன்கூட்டியே முழு ஆக்சிஜன் கொடுத்து அந்த 2 லிட்டரை நிரப்பியிருந்தால் ஏழெட்டு நிமிடம் தாங்கும். இது ஆரோக்கியமான, ஒல்லியான ஆளின் கணக்கு. உடல் பருமன் உள்ளவர்களுக்கு மூன்று நிமிடம்கூட இருக்காது. கர்ப்பிணிக்குச் சேமிப்பு குறைவு, செலவு அதிகம். குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைப் போல இரு மடங்கு செலவு. ஒரு கைக்குழந்தையின் எண் 95-லிருந்து 70-க்கு இறங்குவதைப் பார்த்தவர்கள் அந்த வேகத்தை மறக்க மாட்டார்கள்.

எண் இறங்கும் விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சாச்சுரேஷன் 90 என்றால் தமனியில் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 60 மி.மீ. பாதரசம். அதுவரை சரிவு மெதுவாக இருக்கும், அதற்குக் கீழே மலையோரம் மாதிரி செங்குத்து. அதனால் 94 ஆனதும் வேலையைத் தொடங்குங்கள், 90 ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்னொன்று, விரலில் மாட்டிய புரோப் நடப்பதை உடனே காட்டாது. அரை நிமிடமோ அதற்கு மேலோ பின்தங்கும், கை சில்லிட்டிருந்தால் இன்னும் தாமதம். நீங்கள் கோளாறைச் சரிசெய்த பிறகும் எண் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பதறி, மூச்சுக்குழாயில் சரியாகப் போட்ட ட்யூப்பைப் பிடுங்கியவர்கள் உண்டு.

கேஸ் தொடங்கும் முன்

தலைமாட்டில் ஆம்பு பேக் (மெஷின் இல்லாமல் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) இருக்கிறதா? கையில் எடுத்து அழுத்திப் பார்த்தீர்களா? தனி ஆக்சிஜன் சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா, அதைத் திறக்கும் சாவி அதிலேயே தொங்குகிறதா? சக்‌ஷன் இழுக்கிறதா? சாவியைப் பற்றிக் கேட்பது அற்பமாகத் தோன்றும். சிலிண்டர் நிரம்பியிருந்தும் சாவியைத் தேடி ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

அப்புறம் முன்னாக்சிஜன், அதாவது மயக்கம் கொடுக்கும் முன்பே நுரையீரலை ஆக்சிஜனால் நிரப்புவது. மாஸ்க்கை முகத்துக்கு மேலே அரை அங்குலம் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது முன்னாக்சிஜன் ஆகாது. மாஸ்க் முகத்தில் ஒட்டியிருக்க வேண்டும், பேக் ஒவ்வொரு மூச்சுக்கும் அசைய வேண்டும். 10 லிட்டர் ஓட்டத்தில் சாதாரண மூச்சாக மூன்று நிமிடம், அவசரமென்றால் ஒரு நிமிடத்தில் எட்டு ஆழ்ந்த மூச்சு. வெளிமூச்சில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் மானிட்டராக இருந்தால் 90 சதவீதம் வரும் வரை பொறுங்கள். பருமனானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தலைப்பக்கத்தை 20, 25 டிகிரி உயர்த்துங்கள். மூக்கில் ஒரு நேசல் பிராங்ஸ் மாட்டி, லாரிங்கோஸ்கோப்பி (ட்யூப் போடத் தொண்டைக்குள் பார்ப்பது) நடக்கும்போதும் ஆக்சிஜன் ஓடவிட்டால் கூடுதலாகச் சில நிமிடம் கிடைக்கும்.

சுதி இறங்கிவிட்டது

முதலில் வாயைத் திறந்து சொல்லுங்கள்: "சார், சாச்சுரேஷன் இறங்குது, ஒரு நிமிஷம் நிறுத்துங்க." புதியவர்கள் இங்கேதான் தயங்குகிறார்கள். சர்ஜன் எரிந்து விழுவாரோ, நம்மைத் தெரியாதவன் என்று நினைப்பாரோ என்ற பயம். எண் தானாக ஏறிவிட்டால் சும்மா கத்தினோமே என்ற வெட்கம். சொல்லிவிட்டுப் பிறகு வெட்கப்பட்டுக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது. வயிற்றில் கார்பன் டை ஆக்சைடு நிரப்பியிருக்கிறார்களா, நுரையீரலை ஏதாவது அழுத்துகிறதா, எலும்பு சிமென்ட் வைத்தார்களா என்பதெல்லாம் சர்ஜனுக்குத்தான் முதலில் தெரியும். அவர் நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும் நாட்களும் உண்டு.

சொல்லிக்கொண்டே ஆக்சிஜனை 100 சதவீதத்துக்குத் திருப்புங்கள். நைட்ரஸ், காற்று இரண்டையும் மூடிவிட்டு ஓட்டத்தைக் கூட்டுங்கள். வென்டிலேட்டரை விட்டுக் கையால் மூச்சுக் கொடுக்கும் நிலைக்கு மாற்றி, பேக்கைப் பிடியுங்கள். இவ்வளவும் பத்து நொடி வேலை.

அடுத்து கண் கேப்னோகிராஃபுக்கு, அதாவது வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அலையாகக் காட்டும் திரைக்குப் போகட்டும். அலை சதுரமாக ஒழுங்காக வருகிறது என்றால் ட்யூப் மூச்சுக்குழாயில் இருக்கிறது, ரத்தமும் ஓடுகிறது. அலையே இல்லை, தட்டையான கோடு என்றால் வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை ட்யூப் உணவுக்குழாயில் இருப்பதாகவோ வெளியே வந்துவிட்டதாகவோ எடுத்துக்கொள்ளுங்கள். மார்பு அசைகிறது, ட்யூப்பில் ஆவி படிகிறது, மூச்சுச் சத்தம் கேட்கிறது என்பதை நம்பித் தட்டைக் கோட்டோடு நேரத்தைக் கடத்தியதால் உலகம் முழுக்க உயிர் போயிருக்கிறது. இதயம் நின்றுபோன நோயாளிக்கு மார்பை அழுத்திக்கொண்டிருக்கும்போதுகூடச் சிறிய அலை வரும். அலை சரிந்து ஏறி சுறாவின் துடுப்பு மாதிரி இருந்தால் மூச்சுக்குழல் சுருக்கம். அலையின் உயரம் திடீரென்று பாதியாகி ரத்த அழுத்தமும் விழுந்தால், நுரையீரலுக்கு ரத்தம் போகவில்லை: அடைப்பு, வாயு எம்பாலிசம், அல்லது இதயம் தளர்கிறது.

பேக் என்ன சொல்கிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். இது புத்தகத்தில் வருவதைவிடக் கையில்தான் வரும்.

பேக் தொளதொளவென்று நிரம்பவே இல்லை என்றால் எங்கோ கசிவு. சர்க்யூட் கழன்றிருக்கலாம், ட்யூப்பின் நுனியைச் சுற்றியுள்ள பலூனான கஃப் உடைந்திருக்கலாம், கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடாலைம் டப்பா சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். நோயாளியிடமிருந்து தொடங்கி மெஷின் வரை ஒவ்வொரு இணைப்பையும் விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். சர்ஜன் தலைப்பக்கம் வேலை செய்யும் கேஸ்களில், துணிக்கு அடியில் ட்யூப்பும் சர்க்யூட்டும் சேரும் இடம்தான் பெரும்பாலும் குற்றவாளி.

பேக் கல் மாதிரி இறுகியிருந்தால் அடைப்பு. மூச்சு உள்ளே போகமாட்டேன் என்கிறது. முதலில் கூடுதல் வாயுவை வெளியே விடும் ஏபிஎல் வால்வு மூடிக் கிடக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு சக்‌ஷன் கதீட்டரை ட்யூப்புக்குள் விடுங்கள். முனை வரை தடையில்லாமல் போனால் ட்யூப் மடங்கவில்லை, கடிபடவில்லை. போகவில்லை என்றால், கடிக்கிறார் எனில் மயக்கத்தை ஆழப்படுத்துங்கள், மடங்கியிருக்கிறது எனில் நிமிர்த்துங்கள், கஃப் பிதுங்கியதாகச் சந்தேகம் எனில் காற்றை இறக்கிப் பாருங்கள். எதற்கும் மசியவில்லை என்றால் ட்யூப்பை எடுத்துவிட்டு மாஸ்க்கில் மூச்சுக் கொடுங்கள். ட்யூப்பை எடுப்பதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். கதீட்டர் சுலபமாகப் போகிறது, ஆனாலும் பேக் இறுக்கம் என்றால் பிரச்சினை ட்யூப்புக்குக் கீழே இருக்கிறது.

பேக் சுமாராக இறுகியிருக்கிறது, மூச்சு போகிறது, எண் மட்டும் நழுவுகிறது என்றால் ஸ்டெத்தை எடுங்கள். இரண்டு அக்குளிலும் கேளுங்கள், நடு மார்பில் கேட்டால் ஏமாற்றும். என் முதலாண்டில் நடந்ததைச் சொல்கிறேன். கர்ப்பப்பை லேப்ராஸ்கோப்பி. மேசையைத் தலைகீழாகச் சாய்த்து வயிற்றில் வாயு நிரப்பி இருபது நிமிடம் ஆகியிருக்கும். 99, 97, 94. நான் புரோப்பை ஆள்காட்டி விரலிலிருந்து நடுவிரலுக்கு மாற்றினேன். அப்புறம் மோதிர விரல். அப்புறம் காது. 91. சீனியர் மேடம் உள்ளே வந்தார். ஆக்சிஜனைத் திறந்தார், பேக்கை எடுத்தார், ஸ்டெத்தை இடது அக்குளில் வைத்தார், பிளாஸ்டரைப் பிரித்து ட்யூப்பை இரண்டு சென்டிமீட்டர் வெளியே இழுத்தார். ஒரு நிமிடத்தில் 98. திரும்பிப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏம்மா, விரலா மூச்சு விடுது?"

தலையைத் தாழ்த்தி வயிற்றில் வாயு ஏற்றினால் உதரவிதானம் நுரையீரலை மேலே தள்ளும், மூச்சுக்குழாய் பிரியும் இடமும் கூடவே மேலேறும். ஒரே இடத்தில் ஒட்டிய ட்யூப்பின் நுனி வலது கிளைக்குள் புகுந்துவிடும். கேப்னோகிராஃபில் அலை நன்றாகத்தான் இருக்கும், காற்றழுத்தம் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கும். பெண்களுக்குப் பல் வரிசையில் 21, ஆண்களுக்கு 23 சென்டிமீட்டர் என்பது தொடக்கக் கணக்கு. மேசையின் சாய்வு மாறும் ஒவ்வொரு முறையும் திரும்பக் கேளுங்கள்.

மெஷின் மேல் சந்தேகம் வந்தால்

மெஷினைப் பழுது பார்க்க உட்காராதீர்கள். நோயாளியை அதிலிருந்து பிரித்து, ஆம்பு பேக்கைத் தனிச் சிலிண்டரில் மாட்டி மூச்சுக் கொடுங்கள். எண் ஏறினால் கோளாறு மெஷினில், ஏறாவிட்டால் ட்யூப்பிலோ நோயாளியிடமோ. ஒரே அடியில் பாதிப் பட்டியல் காலி. மயக்கத்துக்கு அந்த நேரத்தில் ஊசி மருந்தைத் தொடர மறக்க வேண்டாம்.

குழாயில் வருவது ஆக்சிஜன்தானா என்ற சந்தேகம் அபூர்வம், ஆனால் கற்பனை அல்ல. ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஸ் ஆக்சைடு போய் நீதிமன்றம் வரை சென்ற வழக்கு தமிழ்நாட்டிலேயே உண்டு. மெஷினில் ஆக்சிஜன் அனலைசர் இருந்தால் அது காட்டிக்கொடுக்கும். அப்படிச் சந்தேகம் வந்தால் சிலிண்டரைத் திறப்பது மட்டும் போதாது, சுவரிலிருந்து வரும் குழாயையும் கழற்றியாக வேண்டும். குழாயின் அழுத்தம் சிலிண்டரின் ரெகுலேட்டர் தரும் அழுத்தத்தைவிடக் கூடுதல் என்பதால், இரண்டும் திறந்திருந்தால் மெஷின் குழாயிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தப்பான வாயு தொடர்ந்து போகும், திறந்த சிலிண்டர் சும்மா நிற்கும்.

நுரையீரல் பக்கம்

ட்யூப் சரி, மெஷின் சரி என்றால் பெரும்பாலும் மிச்சமிருப்பது நுரையீரல் சுருங்கிப்போவதுதான். மயக்கத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் நுரையீரலின் அடிப்பகுதி கொஞ்சமாவது ஒட்டிக்கொள்ளும், பருமனானவர்களுக்கு அதிகம். முதலில் ட்யூப்பில் சளி இருந்தால் இழுத்துவிடுங்கள். பேக்கை அழுத்தி 30 முதல் 40 செ.மீ. நீர் அழுத்தத்தில் பத்துப் பதினைந்து நொடி நிறுத்துங்கள். பிறகு PEEP (வெளிமூச்சு முடிந்த பிறகும் நுரையீரலில் நிறுத்தி வைக்கும் அழுத்தம்) 5 முதல் 10 வரை வையுங்கள், இல்லாவிட்டால் விரிந்தது திரும்ப ஒட்டிவிடும். அழுத்தும்போது ஒரு கண் ரத்த அழுத்தத்தில் இருக்கட்டும். ரத்தம் இழந்து காய்ந்து கிடப்பவருக்கு இது ஆபத்து, நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்ததாகச் சந்தேகம் இருந்தால் தொடவே கூடாது.

அந்தக் காற்றுக் கசிவு வேறு கதை. கழுத்திலோ தோள்பட்டையிலோ சென்ட்ரல் லைன் போட்ட பிறகு, அல்லது லேப்ராஸ்கோப்பி நடுவில், ஒரு பக்கம் சத்தமே இல்லாமல் பேக் இறுகி ரத்த அழுத்தம் சரிந்தால் எக்ஸ்ரேக்குக் காத்திருக்காதீர்கள். நடு காறையெலும்புக் கோட்டில் இரண்டாம் விலா இடைவெளியிலோ, அக்குள் பக்கம் ஐந்தாம் இடைவெளியிலோ பெரிய கேனுலாவால் குத்திக் காற்றை விடுவித்துவிட்டு, பிறகு குழாய் போடுங்கள்.

மூச்சுக்குழல் சுருக்கம் என்றால் மயக்க வாயுவான செவோஃப்ளூரேனைக் கூட்டுங்கள், சால்பியூட்டமாலைச் சர்க்யூட் வழியே ஆறெட்டு முறை அடியுங்கள். கடுமையாகிவிட்டால் அட்ரினலினைச் சிறு சிறு அளவாக, 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை ரத்த நரம்பில் (சிரையில்) கொடுங்கள். கூடவே தோலில் தடிப்பும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் இருந்தால் இது ஒவ்வாமை, ஆஸ்துமா இல்லை.

குழந்தை, ட்யூப் எடுத்த உடனே

டான்சில் கேஸ் முடிந்து ட்யூப்பை எடுத்தாயிற்று. மார்பு உள்வாங்குகிறது, வயிறு எம்புகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. குரல்வளை இறுகிவிட்டது. வாயில் ரத்தம் இருந்தால் இழுங்கள். இரண்டு காதுக்கும் பின்னால், தாடை முடியும் குழியில் விரல்களை வைத்து அழுத்தித் தாடையை முன்னே தள்ளுங்கள். மாஸ்க்கை இறுக்கிப் பிடித்து முழு ஆக்சிஜனோடு அழுத்தம் கொடுங்கள். நிறைய நேரம் இதிலேயே விட்டுவிடும். விடாவிட்டால் புரோப்போஃபால் கிலோவுக்கு அரை மில்லிகிராம். அதற்கும் விடாவிட்டால் தசையைத் தளர்த்தும் ஸ்கோலின் (சக்சினைல்கோலின்), நரம்பில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், கைக்குழந்தைக்கு 2. நரம்பு கிடைக்கவில்லை என்றால் தசையில் கிலோவுக்கு 4. பக்கத்தில் அட்ரோப்பின் ஏற்றித் தயாராக இருக்கட்டும், குழந்தைகளுக்கு ஆக்சிஜன் குறைந்ததும் இதயத் துடிப்பு விழும். நான் குழந்தை கேஸ் தொடங்கும் முன்பே ஸ்கோலினும் அட்ரோப்பினும் ஏற்றிய சிரிஞ்சுகளை, பெயரை எழுதி ஒட்டி, ட்ரேயில் ஒரே ஓரத்தில் வைத்துவிடுவேன். தேடும் நேரம் மிச்சம்.

ட்யூப்பே போகவில்லை என்றால்

அகில இந்தியக் கடினச் சுவாசப்பாதைச் சங்கம் 2016-ல் வெளியிட்ட நெறிமுறையில் எனக்குப் பிடித்த விதி, சாச்சுரேஷன் 95-க்குக் குறைந்தால் முயற்சியை நிறுத்திவிட்டு மாஸ்க்கில் மூச்சுக் கொடு என்பது. புதியவர்களுக்கு லாரிங்கோஸ்கோப்பைக் கையில் பிடித்துவிட்டால் நேரம் ஓடுவதே தெரியாது. "இதோ தெரிகிறது, இன்னும் கொஞ்சம்" என்று குனிந்தே இருப்பார்கள். எண்ணை வாய்விட்டுச் சொல்லும்படி டெக்னீஷியனிடம் முன்பே சொல்லி வையுங்கள். மாஸ்க், குரல்வளைக்கு மேலே உட்காரும் எல்எம்ஏ அல்லது ஐ-ஜெல், ட்யூப் மூன்றிலும் காற்று போகவில்லை என்றால் கழுத்து வழிதான். பிரிட்டனின் கடினச் சுவாசப்பாதைச் சங்கம் 2015-ல் சொன்ன முறை எளிது: 10-ஆம் எண் பிளேடு, பூஜி (ட்யூப்புக்கு வழிகாட்டும் வளையும் குச்சி), 6-ஆம் அளவு ட்யூப். துருத்தி நிற்கும் தைராய்டு குருத்தெலும்புக்கும் அதன் கீழுள்ள வளையக் குருத்தெலும்புக்கும் நடுவிலுள்ள அந்தப் பள்ளத்தை இன்றைக்கே உங்கள் கழுத்தில் தடவிப் பழகுங்கள்.

கடைசியாகத்தான் விரல்

எல்லாம் பார்த்த பிறகு, புரோப்பைச் சந்தேகப்படலாம். அலை ஒழுங்கில்லாமல் குதித்தால், கை சில்லிட்டிருந்தால், அதே கையில் பிபி கஃப் இறுகினால் எண் பொய் சொல்லும். அடர்ந்த நெயில் பாலிஷ், கருப்பு மெஹந்தி இருந்தாலும் சிக்கல், காதிலோ கால் விரலிலோ மாட்டுங்கள். அறுவையின்போது மெத்திலீன் ப்ளூ சாயம் நரம்பில் ஏற்றினால் எண் திடுமென விழுந்து சில நிமிடத்தில் தானே ஏறும். இதில் ஒரு வேடிக்கை. 1970-களின் தொடக்கத்தில் இந்தக் கருவியின் தத்துவத்தைக் கண்டுபிடித்த ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி, சாயம் செலுத்தி இதயத்தின் ஓட்டத்தை அளக்கத்தான் முயன்றார். நாடித்துடிப்பு அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்த இடைஞ்சலையே பிடித்துக்கொண்டு ஆக்சிஜனை அளந்தார்.

எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் எண் 85-லேயே ஒட்டிக்கொண்டு, ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்தால் மெத்ஹீமோகுளோபின், அதாவது ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி மாறிய ஹீமோகுளோபின். மரத்துப்போகச் செய்யும் பிரிலோகெய்ன் கொடுத்தீர்களா என்று பாருங்கள். மெத்திலீன் ப்ளூதான் இங்கே மருந்து, கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், மெதுவாக. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது.

மேசையை விட்டு இறக்கிய பிறகு

கேஸ் முடிந்ததும் எல்லோரும் தளர்ந்துவிடுவார்கள், எண் அடுத்து இறங்குவது அப்போதுதான். தசைத் தளர்வு முழுதாக நீங்காமல் இருக்கலாம், வலி மருந்து மூச்சை மந்தமாக்கியிருக்கலாம், நைட்ரஸ் வெளியேறும்போது ஆக்சிஜனை நீர்த்துப்போகச் செய்யும். அதனால் ரெக்கவரி வரை ஆக்சிஜனும் புரோப்பும் கூடவே போகட்டும். சிலிண்டரின் அளவுமானியை ஸ்ட்ரெச்சர் கிளம்பும் முன்பு பாருங்கள், லிஃப்டுக்குள் பார்த்துப் பிரயோஜனமில்லை.

எண் இறங்கிய நேரம், எவ்வளவு வரை இறங்கியது, எத்தனை நிமிடம் இருந்தது, என்ன செய்தீர்கள் என்பதை அன்றைக்கே சார்ட்டில் எழுதுங்கள். மானிட்டரில் ட்ரெண்ட் பக்கம் இருந்தால் அதைப் பார்த்து எழுதுங்கள். நம் நினைவில் எப்போதும் இரண்டு நிமிடம் குறைவாகத்தான் இருக்கும்.